மரக்கிராதி வண்ணப்பூச்சு: வரலாறும் ஈய நஞ்சும்

மரக்கிராதி வண்ணப்பூச்சு என்பது வீட்டின் தாழ்வாரம், மாடி முகப்பு, திறந்த மரத்தளம் ஆகியவற்றின் ஓரத்தில் அமைந்த மரத்தடுப்பை வெயில், மழை, பூசணம், கறையான் ஆகியவற்றிலிருந்து காப்பதற்காகப் பூசப்படும் மேற்பூச்சு ஆகும். கட்டடக்கலையில் இது சிறு வேலையாகவே கருதப்படுகிறது. ஆனால் குழந்தைகளின் உடலில் ஈய நஞ்சு சேர்வதற்கு வீட்டுப் பெயிண்டே காரணம் என்பது உலகில் முதன்முதலாகத் தாழ்வாரக் கிராதிகளின் வழியாகவே தெரியவந்தது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலும் அதைச் சூழ்ந்த மலைகளிலும் உள்ள பழைய மர வேலைப்பாடுகளைப் பாதுகாக்க விரும்புவோர் இந்த வரலாற்றை அறிந்திருப்பது நல்லது.

சொல்லும் அமைப்பும்

கிராதி என்ற சொல் மரத்தாலோ இரும்பாலோ ஆன கம்பித்தடுப்பைக் குறிக்கிறது. அழி என்ற சொல்லும் இதே பொருளில் வழங்குகிறது. திண்ணையை அடைத்து நிற்கும் மரச்சட்டங்களை அழி என்றும், அத்தகைய தடுப்புள்ள கூடத்தை அழிக்கூடம் என்றும் சொல்வர். ஒரு மரக்கிராதிக்கு மூன்று உறுப்புகள் உண்டு. கை வைக்கும் மேல்சட்டம், தரையை ஒட்டிய கீழ்ச்சட்டம், இரண்டையும் இணைக்கும் நெட்டுக்கால்கள். கடைசல் இயந்திரத்தில் உருட்டி எடுத்த கால்களைக் கடைசல் கால்கள் என்பர்.

வீட்டின் மற்ற மரப்பகுதிகளைவிடக் கிராதியே விரைவில் கெடுகிறது. கதவுக்கும் சன்னலுக்கும் மேலே தாழ்வாரமோ சன்ஷேடோ இருக்கும். கிராதி திறந்த வெளியில் நிற்கிறது. மேல்சட்டத்தில் மழைநீர் தேங்குகிறது. நெட்டுக்கால் கீழ்ச்சட்டத்தில் செருகும் துளையில் ஈரம் இறங்குகிறது. மரத்தின் குறுக்குவெட்டு முனை, பக்கவாட்டுப் பரப்பைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். ஆகவே மேலே பளபளப்பாகத் தெரியும் கிராதி அடிமூட்டில் உளுத்துப்போயிருப்பதைப் பரவலாகக் காணலாம்.

பள்ளத்தாக்கின் வெயிலும் மலையின் ஈரமும்

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்கள் முல்லைப் பெரியாற்றின் பாசனத்தால் பசுமையாக இருந்தாலும், ஆண்டின் பெரும்பகுதி இங்கு வெயிலும் காற்றும்தான். ஆண்டிப்பட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே காற்றின் வலிமைக்குச் சான்று. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்கள் வழியே இறங்கும்போது மழையைவிடப் புழுதியையே மிகுதியாகக் கொண்டுவருகிறது. பள்ளத்தாக்குக்கு உரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது.

இதே மாவட்டத்தின் மேகமலை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆங்கிலேயர் காலத்தில் ஹைவேவிஸ் என்று அழைக்கப்பட்ட இம்மலையைப் பச்சைக்கூமாச்சி என்பது உள்ளூர் வழக்கு. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. மலையில் தென்மேற்குப் பருவ மழையும் மூடுபனியும் மிகுதி. மரம் மாதக்கணக்கில் ஈரம் காயாமல் நிற்கும்.

ஆகவே ஒரே மாவட்டத்தில் கிராதிக்கு இரண்டு வகையான எதிரிகள் உண்டு. பள்ளத்தாக்கில் சூரியனின் புறஊதாக் கதிர் பூச்சின் பிணைப்புப் பொருளைச் சிதைக்கிறது. பிணைப்பு இழந்த நிறமி, சுவரில் அடித்த சுண்ணாம்பு போலக் கையில் ஒட்டும் பொடியாகிறது. மலையில் மரம் ஈரத்தால் ஊதி, வெயில் வரும்போது சுருங்குகிறது. அந்த அசைவைத் தாங்காமல் பூச்சு வெடித்துச் செதில் செதிலாக உரிகிறது. பொடியும் செதிலும் இக்கட்டுரையில் பின்னர் முக்கியத்துவம் பெறுகின்றன.

எண்ணெயும் பிசினும்

பெயிண்ட் வருவதற்கு முன் தமிழகத் தச்சர்கள் மரத்தின் தேர்வையே முதல் பாதுகாப்பாகக் கொண்டனர். தேக்கு, வேங்கை, ஈட்டி ஆகியவற்றின் வைரப்பகுதி இயல்பாகவே கறையானையும் பூசணத்தையும் எதிர்க்கும். வைரம் பாய்ந்த மரத்தை நிழலில் உலரவைத்து இழைத்த பின் எண்ணெய் தேய்ப்பது வழக்கம். வேப்பெண்ணெய், இலுப்பை எண்ணெய் ஆகியன மரத்துக்குள் ஊறி நீரைத் தள்ளுமே தவிர, உலர்ந்து படலமாகாது. ஆகவே அவற்றை மீண்டும் மீண்டும் தேய்க்க வேண்டியிருந்தது. முந்திரிக்கொட்டையின் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெய் காரமுள்ளது. அதிலுள்ள பினாலிக் சேர்மங்கள் பூச்சிகளை அண்டவிடாது. படகுகளுக்கும் வாசல் நிலைகளுக்கும் இதைப் பூசினர்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வெள்ளைக் குங்கிலிய மரத்தின் பிசின் வார்னிஷ் செய்யப் பயன்பட்டது. அரக்கு மற்றொரு மேற்பூச்சு. அம்பாசமுத்திரத்தின் மரச் சொப்புகள் கடைசலில் சுழலும்போதே அரக்கு ஏற்றி வண்ணம் பெறுகின்றன. ஆனால் அரக்கு வெயிலையும் நீரையும் தாங்காது. வீட்டுக்குள் தொட்டிலுக்கும் பொம்மைக்கும் அது ஏற்றது, வெளிக்கிராதிக்கு ஏற்றதன்று.

இந்த முறைகளுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. எண்ணெய் தேய்த்த மரம் நாளடைவில் வெளிறும், கறுக்கும். ஆனால் உரியாது. பழையதைச் சுரண்டாமலே மறுபடி தேய்க்கலாம்.

ஈய வெள்ளையின் வருகை

ஐரோப்பாவில் வெளிப்புற மரத்துக்குப் பூசிய பெயிண்டின் அடிப்படை, ஈய வெள்ளை எனப்படும் கார ஈயக் கார்பனேட்டு. இதை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, டர்பன்டைன் சேர்த்து நீர்க்கச் செய்து பூசினர். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று உலர்ந்து கெட்டிப் படலமாகும் இயல்புடையது. ஈய வெள்ளை அந்த எண்ணெயுடன் வினைபுரிந்து படலத்துக்கு நெகிழ்வைத் தருகிறது. மரம் ஊதிச் சுருங்கும்போது பூச்சும் ஓரளவு கூடவே அசைந்து கொடுத்தது. இந்தச் சிறப்பினால்தான் அதன் நச்சுத்தன்மை தெரிந்த பின்பும் பெயிண்டர்கள் அதைக் கைவிடத் தயங்கினர். உலர்ந்த பழைய பூச்சில் எடையில் பாதிக்கும் மேல் ஈயம் இருப்பதுண்டு.

இந்தியாவுக்கு இப்பெயிண்ட் முதலில் கப்பலில் வந்தது. 1902-இல் கல்கத்தாவை அடுத்த ஹவுராவில் சாலிமார் பெயிண்ட்ஸ் தொடங்கப்பட்டது. ரயில்வே, துறைமுகம், பொதுப்பணித்துறை, மலைத்தோட்டங்கள் ஆகியவை பெயிண்டின் முக்கியப் பயனாளர்கள். தேனிப் பகுதியில் அதே காலத்தில் போக்குவரத்து விரிவடைந்தது. 1895-இல் பெரியாறு அணை திறக்கப்பட்டது. மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியே வெளியே சென்றது. 1928-இல் மதுரை–போடி ரயில்பாதை திறக்கப்பட்டது. மலைமேல் பங்களாவும் அடிவாரத்தில் ரயில் நிலையமும் எழுந்த இந்தக் காலத்தில், டின்னில் அடைத்த எண்ணெய்ப் பெயிண்ட் தச்சரின் எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது.

பிரிஸ்பேன் தாழ்வாரங்கள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலமும் நம்மைப் போல வெயில் மிகுந்த நிலம். அங்கு மரவீட்டைச் சுற்றி அகலமான தாழ்வாரம் அமைத்து, அதன் ஓரத்தில் மரக்கிராதி வைத்து, ஈய வெள்ளைப் பெயிண்ட் அடிப்பது வழக்கம். 1890-களில் அதன் தலைநகரான பிரிஸ்பேனில் குழந்தைகளிடம் ஒரு நோய் காணப்பட்டது. வயிற்றுவலி, மலச்சிக்கல், கை கால் தளர்வு, சிலருக்குக் கண் நரம்பு வீங்கிப் பார்வை இழப்பு. இது ஈய நஞ்சு என்று அங்குள்ள மருத்துவர்கள் 1892-இல் அறிவித்தனர். ஆனால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்பது புலப்படவில்லை. குடிநீர்த் தொட்டி, பாத்திரம், பொம்மை என ஒவ்வொன்றாகச் சந்தேகிக்கப்பட்டன.

விடையைக் கண்டவர் ஜான் லாக்ஹார்ட் கிப்சன் என்னும் கண் மருத்துவர். தாழ்வாரக் கிராதிகளிலும் அறைச்சுவர்களிலும் உள்ள பெயிண்டே காரணம் என்று 1904-இல் எழுதினார். அவரது விளக்கம் எளியது. வெயிலில் பெயிண்ட் பொடியாகிறது. குழந்தை கிராதியைப் பிடித்தபடி நிற்கிறது. பொடி வியர்த்த கையில் ஒட்டுகிறது. விரல் சூப்பும் குழந்தைக்கும் நகம் கடிக்கும் குழந்தைக்கும் அது வாய்க்குள் போகிறது.

இந்த விளக்கம் உடனே ஏற்கப்படவில்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகள் மருத்துவர்கள் வாதாட வேண்டியிருந்தது. 1922-இல் குயின்ஸ்லாந்து, தாழ்வாரக் கிராதி போன்ற குழந்தைகளுக்கு எட்டும் இடங்களில் ஈயப் பெயிண்ட் பூசுவதைச் சட்டத்தால் தடுத்தது. குழந்தைகளின் நலம் கருதி வீட்டுப் பெயிண்டைக் கட்டுப்படுத்திய தொடக்ககாலச் சட்டங்களுள் இது ஒன்று.

வெளிப்புறத்துக்கு விலக்கு

அதே காலத்தில் பெயிண்டர்களின் உடல்நலம் பற்றிய பேச்சு ஐரோப்பாவில் எழுந்தது. பழைய பூச்சை உப்புத்தாளால் உலர் தேய்ப்பு செய்யும்போது பறக்கும் தூசியே பெயிண்டரின் உடலில் ஈயம் சேரும் முக்கிய வழி. மணிக்கட்டு தொங்கிப்போவதும், ஈறில் நீலக்கோடு தோன்றுவதும் அத்தொழிலாளரின் அறிகுறிகளாக அறியப்பட்டிருந்தன. பிரான்சு 1909-இல் ஈய வெள்ளைக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 1921-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஈய வெள்ளை பற்றிய உடன்படிக்கையை ஏற்றது.

அந்த உடன்படிக்கை கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளை பூசுவதைத்தான் தடுத்தது. வெளிப்புறத்தில் சில கட்டுப்பாடுகளுடன் தொடரலாம் என்றது. வெளிமரத்துக்கு அதைவிட நீடித்த பூச்சு அன்று இல்லை என்பது பெயிண்ட் தொழிலின் வாதம். இதனால் குழந்தையின் கைக்கு மிக எளிதாக எட்டக்கூடிய வெளிக்கிராதி, உலகின் பல நாடுகளில் பாதுகாப்பு இன்றியே நின்றது. அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடைசெய்தது 1978-இல்தான்.

எனாமலும் நிறமியும்

ஈய வெள்ளைக்கு மாற்றாக வந்தது டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் மூலப்பொருளான இல்மனைட்டு கேரளக் கடற்கரை மணலில் மிகுதி. 1946-இல் திருவனந்தபுரத்தில் திருவாங்கூர் டைட்டானியம் புராடக்ட்ஸ் நிறுவப்பட்டது. 1942-இல் மும்பையில் தொடங்கிய ஏசியன் பெயிண்ட்ஸ், பெயிண்டைச் சிறு டின்களில் சிற்றூர்க் கடைகள்வரை கொண்டுசென்றது. ஆல்கைடு பிசினால் ஆன செயற்கை எனாமல் ஆளிவிதை எண்ணெய்ப் பெயிண்டின் இடத்தைப் பிடித்தது. விரைவில் காய்ந்து, பளபளப்பைத் தந்தது.

வெள்ளைப் பெயிண்டில் ஈயம் குறைந்தாலும் வண்ணப் பெயிண்டில் அது தங்கிவிட்டது. மஞ்சள் நிறத்துக்கு ஈயக் குரோமேட்டு பயன்பட்டது. அதனுடன் பிரஷ்ய நீலத்தைக் கலந்தால் கிடைப்பது குரோம் பச்சை. கதவு, சன்னல், கேட், கிராதி எனப் பழைய கட்டடங்களில் அதிகம் காணப்படும் நிறங்களுள் பச்சையும் ஒன்று. ஆரஞ்சு, சிவப்பு ஆகியவற்றிலும் ஈயக் குரோமேட்டு கலந்த நிறமிகள் இருந்தன. எனாமல் விரைவில் காய்வதற்காகச் சேர்க்கும் உலர்த்திகளிலும் ஈயச் சேர்மங்கள் இருந்தன. ஆகவே ஒரு பழைய கிராதியில் பத்து அடுக்குப் பெயிண்ட் இருந்தால், எந்த அடுக்கில் எவ்வளவு ஈயம் என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது.

ஆஸ்கு: இந்தியக் கண்டுபிடிப்பு

மரத்தின் மேல் பூசாமல் மரத்துக்குள்ளேயே மருந்தை ஏற்றும் முறை இன்னொரு திசையில் வளர்ந்தது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம், 1933-இல் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் ஆகியவற்றின் சேர்மங்களைக் கொண்ட பாதுகாப்புக் கரைசலை உருவாக்கினார். ஆர்செனிக், தாமிரம் ஆகியவற்றின் வேதியியல் குறியீடுகளைச் சேர்த்து ஆஸ்கு என்று பெயர் பெற்றது. அழுத்தக் கலத்தில் மரத்துக்குள் செலுத்தியபின் இது மழையில் எளிதில் கரைந்து போகாது. உலகெங்கும் மின்கம்பம், வேலி, மரத்தளம் ஆகியவற்றில் பயன்பட்டது. அமெரிக்க வீடுகளின் திறந்த மரத்தளங்களும் கிராதிகளும் பல பத்தாண்டுகள் இம்முறையில் பதப்படுத்திய மரத்தால் கட்டப்பட்டன.

ஆனால் மரத்தின் மேற்பரப்பிலிருந்து ஆர்செனிக் சிறிதளவு வெளிவருகிறது என்ற கவலை எழுந்தது. 2003-ஆம் ஆண்டின் முடிவில் அமெரிக்காவில் வீட்டு மரத்தளம், கிராதி, விளையாட்டுச் சாதனம் ஆகியவற்றுக்கு இதைப் பயன்படுத்துவது நிறுத்தப்பட்டது. இங்கும் கேள்வி ஒன்றுதான்: குழந்தையின் கை எதைத் தொடுகிறது?

2016-ஆம் ஆண்டு விதி

இந்தியாவில் ஈயத்தின் அளவுக்கு நெடுங்காலம் கட்டாய வரம்பு இல்லை. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 நவம்பரில் வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்கான விதிகளை வெளியிட்டது. 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த அவ்விதிகளின்படி, ஈயம் 10 லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த அளவு டின்னின் மேல் அச்சிடப்பட வேண்டும்.

விதிக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, தொழிற்சாலைப் பயன்பாட்டுப் பெயிண்டுகள் இதில் அடங்கா. இயந்திரத்துக்கும் வாகனத்துக்கும் வாங்கி மீந்த பெயிண்டை வீட்டுக் கிராதிக்கு அடித்தால் விதியின் பயன் போய்விடும். இரண்டு, விதி புதிய டின்னைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஏற்கெனவே மரத்தில் ஒட்டியிருக்கும் பழைய அடுக்குகள் அப்படியே இருக்கின்றன.

பொங்கலுக்கு முன் ஒரு வேலை

மார்கழியில் வீட்டைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, கதவு சன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது தமிழகமெங்கும் வழக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கல், ஜனவரி 15-இல் வரும் பென்னிகுயிக் பிறந்தநாளுடன் சேர்ந்து கொண்டாடப்படுகிறது. மழைக்காலம் முடிந்து மரம் காயத் தொடங்கும் காலம் என்பதால் இவ்வழக்கம் பொருத்தமானதே. ஆனால் பள்ளி விடுமுறையில் குழந்தைகள் வீட்டில் இருக்கும் நேரமும் அதுவே. பழைய பச்சைக் கிராதியை முற்றத்தில் வைத்து உலர் தேய்ப்பு செய்தால், அந்தத் தூசி திண்ணையிலும், காயப்போட்ட வற்றலிலும், தவழும் குழந்தையின் கையிலும் படிகிறது.

ஈயம் உடலில் கால்சியத்தைப் போல நடித்து எலும்பில் தங்கும். குழந்தையின் குடல் பெரியவர்களின் குடலைவிட நான்கைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சும். இரும்புச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளிடம் இது இன்னும் கூடும். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் இந்நஞ்சுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு.

ஆகவே பழைய கிராதிக்கு மறுபூச்சு செய்யும்போது கீழ்க்கண்டவை பின்பற்றப்படுகின்றன:

- பழைய பூச்சு உறுதியாக ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டாமல், கழுவி, அதன்மேல் பூசுவதே பாதுகாப்பு.
- தேய்க்க வேண்டுமானால் தண்ணீர் தெளித்து, நீர் தாங்கும் உப்புத்தாளால் ஈரத்தேய்ப்பு செய்ய வேண்டும்.
- ஊதுவிளக்கால் எரித்து உரிக்கக் கூடாது. சூட்டில் ஈயப்புகை எழும்.
- தரையில் பிளாஸ்டிக் விரித்துச் செதில்களைச் சேகரிக்க வேண்டும். காய்கறிப் பாத்தியிலோ ஓடையிலோ கொட்டக் கூடாது. மேகமலையின் ஓடைகள் சுருளியாற்றை அடைந்து பள்ளத்தாக்கின் பாசனத்தில் கலப்பவை.
- குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அவ்விடத்தில் இருக்கக் கூடாது. பெயிண்டர் முகக்கவசம் அணிந்து, சாப்பிடும் முன் கை கழுவி, வேலை உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

புதிய மரத்துக்கு முறை வேறு. மரம் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் உள்ளே இருக்கப் பூசினால் பூச்சு கொப்புளிக்கும். மேல்சட்டத்தை நீர் வழியும்படி சாய்வாக இழைக்க வேண்டும். கால்களைச் செருகுவதற்கு முன்பே அவற்றின் முனைகளுக்கும் துளைகளுக்கும் பிரைமர் பூசுவது நல்லது. பிறகு பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, இரண்டு கோட்டிங் அடிப்பது வழக்கம். ஒவ்வொரு கோட்டிங்கும் முழுதும் காய்ந்த பின்பே அடுத்தது. வெயில் நேராக விழும்போது பூசினால் மேற்பரப்பு முதலில் காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும். மலையில் மாலைப்பனி இறங்குமுன் வேலையை முடித்தால்தான் பளபளப்பு மங்காது.

இன்றைய நிலை

மேகமலை, குரங்கணி, போடிமெட்டு ஆகிய இடங்களுக்குப் பயணிகள் வரத்து கூடியபின், விடுதிகளில் திறந்த மரத்தளமும் கிராதியும் மீண்டும் இடம்பெறுகின்றன. தேக்குக்குப் பதிலாக இரும்புக் குழாயும், மரம் போலத் தோன்றும் சிமென்ட், பிளாஸ்டிக் பலகைகளும் பெருகியுள்ளன. மரத்தை விரும்புவோர் சிலர் பெயிண்டை விட்டு, மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சுக்குத் திரும்பியுள்ளனர். ஆண்டுக்கொரு முறை தேய்க்க வேண்டும். ஆனால் உரியாது, சுரண்டவும் வேண்டாம். ஒரு நூற்றாண்டுக்கு முன் தச்சர்கள் அறிந்திருந்த நன்மை இது.

பழைய தேக்குக் கிராதியை விற்றுவிட்டு இரும்பு வைப்பதும் தீர்வன்று. அந்தத் தேக்கு இன்னொரு வீட்டில் உலர் தேய்ப்புக்கு ஆளாகும். நஞ்சு இருப்பது மரத்தில் அல்ல, அதன்மேல் உள்ள அடுக்குகளில். அவற்றை அறிந்து கையாண்டால் மரமும் நிற்கும், அதைப் பிடித்து நிற்கப் பழகும் குழந்தையும் நலமாக இருக்கும். கிப்சன் 1904-இல் சொன்னதும் இதைத்தான்.